கல் சொன்ன சாட்சி

1864-ம் வருஷம் மே மாதம் 14-ந் தேதி இரவு எட்டு மணி சுமாருக்குத் தென் பிரான்ஸில் ஒரு தீக்கோளம் வானத்தைக் கடந்து போயிற்று. இடி போலச் சத்தம். ஓர்கேய் என்ற கிராமத்தைச் சுற்றி இருபது கற்கள் போல விழுந்தன. ஜனங்கள் பொறுக்கிப் பார்த்தார்கள். கரிக்கட்டை மாதிரி கறுப்பு, கத்தியால் வெட்டலாம், தண்ணீரில் போட்டால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

இதே ஜாதிக் கல் ஒன்று 1806-ல் ஆலே என்ற ஊரருகே விழுந்திருந்தது. சுவீடன் தேசத்து ரசாயன நிபுணர் பெர்ஸீலியஸ் 1834-ல் அதைச் சோதித்தார். உள்ளே களிமண்ணும் நீரும் இருக்கவே, இது வானத்துக் கல்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. நியாயமான சந்தேகம்தான். பாறையோடு தண்ணீர் நெடுங்காலம் உறவாடினால்தான் களிமண் பிறக்கும். அந்தத் தண்ணீர் எங்கே பட்டது? வானத்திலா, விழுந்த பிறகு நம் வீட்டிலா?

பதில் வருவதற்கு இத்தனை காலம் ஆனதற்குப் பெரும்பாலும் மனிதர்களே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1961-ல் கிளாஸ், நாகி என்ற இருவர் ஓர்கேய் கல்லில் நுண்ணுயிர்களின் எச்சம் தென்படுவதாக அறிவித்தார்கள். சிகாகோவில் ஆண்டர்ஸும் அவர் கூட்டாளிகளும் ஆராய்ந்து, அவற்றில் சில நம் பூமியின் பூந்தாதுதான் என்றார்கள். அதோடு நின்றதா? கல் விழுந்த வருஷமே கண்ணாடி ஜாடியில் மூடி, மோன்டோபான் நகர மியூசியத்தில் நூறு வருஷம் தூங்கிய ஒரு துண்டை 1964-ல் சோதித்தார்கள். உள்ளே கோரை போன்ற ஒரு புல்லின் விதை! கூடவே நிலக்கரித் துணுக்குகள். எல்லாவற்றையும் யாரோ பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். கல் விழுவதற்குச் சில வாரங்கள் முன்புதான் பாரிஸில் பாஸ்டர், உயிர் தானாகத் தோன்றாது என்று பிரசங்கம் செய்திருந்தார். அவரைச் சீண்ட எண்ணிய குறும்பாக இருக்கலாம். பாவம், சிரிக்க ஆளில்லாமல் அந்த ஹாஸ்யம் ஒரு நூற்றாண்டு காத்திருந்தது.

இன்னொரு சங்கதி. கல்லில் வெள்ளையாக உப்பு நரம்புகள் ஓடியிருந்தன. வானத்தில் ஓடிய நீரின் தடம் என்று அவற்றை வெகுநாள் கருதினார்கள். 2001-ல் குனெல், ஜோலென்ஸ்கி என்ற இருவர், கல் புதிதாக இருந்தபோது பார்த்தவர்கள் இந்த நரம்புகளைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை என்று காட்டினார்கள். அலமாரியில் நம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிற்பாடு பூத்த உப்பு அது. பழைய சுவர்களில் பூப்பதைப் போலத்தான்.

அப்படியானால் சாட்சியமே போயிற்றா? போகவில்லை. களிமண் இருக்கிறது, கார்பனேட் படிகங்கள் இருக்கின்றன. அந்தப் படிகங்களின் வயதைக் கணித்தால், சூரிய மண்டலம் பிறந்து சில பத்து லட்சம் வருஷங்களுக்குள், அதாவது சுமார் 456 கோடி வருஷங்களுக்கு முன், உண்டானவை என்று தெரிகிறது. அப்போது பூமியே முழுதாக உருவாகவில்லை. ஏதோ ஒரு சின்னஞ்சிறு கோளின் வயிற்றில் பனிக்கட்டி இருந்திருக்கிறது. கதிரியக்க அலுமினியம் தந்த சூட்டில் அது உருகிப் பாறையைக் களிமண்ணாக்கிற்று.

2020 டிசம்பரில் ஜப்பானியரின் ஹயபுஸா-2 விண்கலம், ரியூகு என்ற குறுங்கோளிலிருந்து 5 கிராம் சொச்சம் மண் அனுப்பியது. நம் காற்றுப் படாமல் மூடி வந்த மண். ஓர்கேய் கல்லுக்குக் கூடப்பிறந்தது என்றே சொல்லலாம். அதிலும் களிமண் உண்டு, கார்பனேட் உண்டு. அந்த வெள்ளை உப்பு நரம்பு மட்டும் இல்லை! ஒரு படிகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் திரவமும் சிறைப்பட்டிருந்தது. தண்ணீரும் கரியமில வாயுவும் கலந்த திரவம். ஆதிகாலத்துச் சோடா!

நம் கடல்நீரில் ஒரு பங்கு இப்படிப்பட்ட கற்களில் வந்தது என்று எண்ண இடமிருக்கிறது. 2021-ல் இங்கிலாந்தில் வின்ச்கம் என்ற ஊரில் விழுந்த கல்லின் முதல் துண்டுகளைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எடுத்து வைத்தார்கள். அதன் நீரிலிருந்த ஹைட்ரஜனின் கலவை, நம் கடல்நீரின் கலவையை ஒத்திருந்தது.

சாட்சி சொல்ல வந்த கல்லில் விதையை ஒட்டினோம். நம் ஈரத்தையும் ஏற்றினோம். அத்தனையையும் தாங்கிக்கொண்டு அது தன் பழைய கதையை மாற்றாமல் வைத்திருந்திருக்கிறது. எனக்கு அந்தக் கல்லின் மேல் மிகுந்த மரியாதை.