அம்மாவுக்கு அரை மணி நேரம்: டெல்லியில் சின்னக் குழந்தைகளோடு உடற்பயிற்சி சாத்தியமா?

2018 நவம்பர் 24. டெல்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் உள்ள கே.டி. ஜாதவ் அரங்கம். யுக்ரேனின் ஹன்னா ஒகோட்டாவை 5-0 என்று வீழ்த்தி ஆறாவது முறையாக உலகச் சாம்பியன் ஆனார் மேரி கோம். அப்போது அவருக்கு 35 வயது, மூன்று மகன்களின் தாய். வெளியே டெல்லியின் நவம்பர் காற்று. போட்டிக்கு வந்திருந்த வெளிநாட்டு வீராங்கனைகள் சிலர் மாசு பற்றிப் புகார் சொன்னதும் அந்த வாரச் செய்திதான்.

ஒன்பது மாதம் கழித்து, 2019 ஆகஸ்ட் 29 அன்று, அதே வளாகத்தில்தான் ‘ஃபிட் இந்தியா’ இயக்கம் தொடங்கி வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதற்கு ஒரு முழக்கமும் வந்தது: தினமும் அரை மணி நேரம்.

அரை மணி நேரம்தானே, என்ன பெரிய விஷயம்? ஒரு கைக்குழந்தையும், எல்கேஜி போகும் இன்னொரு பிள்ளையும் இருக்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். “டைம் எங்க இருக்கு?” என்றுதான் பதில் வரும். அது சாக்கு அல்ல. அந்த அரை மணி நேரத்தில் குழந்தை யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வியே.

உண்மையில் எவ்வளவு தேவை?

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்வது இதுதான்: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடல் உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடுமையான உழைப்பு. கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்கும் பயிற்சி. உடல்நலச் சிக்கல் இல்லாத பட்சத்தில், கர்ப்பிணிகளுக்கும் பிரசவம் ஆனவர்களுக்கும் வாரம் குறைந்தது 150 நிமிடம்.

இந்த வழிகாட்டுதலில் பலர் கவனிக்காத ஒரு மாற்றம் உண்டு. பழைய விதிப்படி ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடம் செய்தால்தான் கணக்கு. 2020-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். துண்டு துண்டாகச் செய்தாலும் சேரும். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது, ஏனென்றால் அங்கே முழுதாக 10 நிமிடம் என்பதே அபூர்வம்.

2022 டிசம்பரில் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்த ஓர் ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. பிரிட்டனில் தனியாக உடற்பயிற்சி எதுவும் செய்யாத சுமார் 25,000 பேரின் கையில் கருவி கட்டிப் பார்த்தார்கள். நாளில் மூன்று முறை, ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடம், மூச்சு வாங்க வைக்கும் வேகத்தில் படி ஏறியோ ஓடிப்போய் பஸ் பிடித்தோ வந்தவர்களுக்கு, அப்படி எதுவுமே செய்யாதவர்களைவிட மரண ஆபத்து 38 முதல் 40 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு எச்சரிக்கை: அவர்களின் சராசரி வயது 60-க்கு மேல். அது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிரூபிக்கும் ஆய்வு அல்ல. ஆனாலும் லிஃப்ட்டை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுவது ‘எக்சர்சைஸ்’ ஆகாது என்று நினைக்கத் தேவையில்லை.

நேரம் ஏன் கிடைப்பதில்லை?

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2022-ல் போதிய உடல் உழைப்பு இல்லாத இந்தியப் பெண்கள் 57 சதவீதம். ஆண்கள் 42 சதவீதம். பெண்கள் வீட்டில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிறார்கள், பிறகு எப்படி என்று தோன்றலாம். களைப்பு வேறு, இதயமும் தசையும் பலப்படுவது வேறு. சமையலறையில் நான்கு மணி நேரம் நிற்பது காலை வலிக்க வைக்கும், மூச்சை வாங்க வைக்காது.

மத்திய புள்ளியியல் துறையின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், 15 முதல் 59 வயதுப் பெண்கள் சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு நாளுக்கு 305 நிமிடம் செலவிடுகிறார்கள். இதே வயதுப் பிரிவில் குழந்தைகள், முதியோரைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் அதற்கு 140 நிமிடமும், ஆண்கள் 74 நிமிடமும் கொடுக்கிறார்கள். அப்படிப் பார்த்துக்கொள்வதில் பங்கெடுப்பதே பெண்களில் 41 சதவீதம், ஆண்களில் 21.4 சதவீதம்தான். 305, 140 இரண்டும் ஒரே பெண்ணின் தலையில் விழுந்தால் ஏழு மணி நேரத்தைத் தாண்டும். அதற்கு மேல் ஆபீஸ், மெட்ரோ பயணம்.

டெல்லித் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் கூடுதலாக ஒரு முடிச்சு. பிரசவம் பெரும்பாலும் ஊரில் நடக்கும். அம்மா, பாட்டி, குளிப்பாட்ட வரும் ஆயா, பத்தியச் சாப்பாடு என்று மூன்று மாதம் ஓடிவிடும். அப்புறம் ரயிலோ விமானமோ ஏறி ஆர்.கே.புரத்திலோ மயூர் விஹாரிலோ வந்து இறங்கினால், மொத்த ஆதரவும் ஒரே நாளில் காணாமல் போகும். வேலைக்கு வரும் தீதி காலையில் ஒரு மணி நேரம் இருப்பார். மீதி, இரண்டு பேர்தான்.

அந்த இருவரையும் சட்டம் சமமாகப் பார்ப்பதில்லை. மத்திய அரசு ஊழியராக இருக்கும் பெண்ணுக்குப் பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. அப்பாவுக்கு 15 நாள் தந்தையர் விடுப்பு. மனைவி இல்லாமல் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆணுக்கு மட்டுமே அந்த 730 நாள் பொருந்தும். தனியார் நிறுவனங்களில் தந்தையர் விடுப்பைக் கட்டாயமாக்கும் மத்திய சட்டம் இல்லை. அம்மாவுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் க்ரெஷ் வசதி, நாளில் நான்கு முறை அங்கே போய்ப் பார்க்க அனுமதி: 2017-ல் வந்த இந்த விதிகள் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கின்றன. ஹெச்.ஆரிடம் க்ரெஷ் எங்கே என்று கேட்பது சலுகை கேட்பது அல்ல.

மேரி கோமுக்கு 2007-ல் இரட்டையர் பிறந்தார்கள். 2008-ல் சீனாவின் நிங்போவில் நான்காவது உலகத் தங்கம். இடையில் நடந்ததை உழைப்பு, மன உறுதி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதிக் கதைதான். அவரது அப்போதைய கணவர் ஓன்லர் கால்பந்தாட்டத்தை விட்டுவிட்டு, குழந்தைகளை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டார். சென்னையின் தீபிகா பள்ளிக்கலுக்கு 2021 அக்டோபரில் இரட்டையர். 2022 ஏப்ரலில் கிளாஸ்கோவில் நடந்த உலக இரட்டையர் ஸ்குவாஷில் ஜோஷ்னா சின்னப்பாவுடன் ஒன்று, சௌரவ் கோஷலுடன் ஒன்று என இரண்டு தங்கம். ஆறே மாதம்! ஆனால் விளையாட்டு அவருடைய முழுநேர வேலை. அந்த வேகத்தை நம்மோடு ஒப்பிட்டு மனசு உடைவதில் அர்த்தமில்லை. இருவரிடமிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டியது, பயிற்சி நேரத்தில் குழந்தை வேறொருவரின் பொறுப்பு என்ற ஏற்பாட்டைத்தான்.

ஆகவே “நேரம் கிடைக்கும்போது செய்றேன்” என்பதைவிட, “செவ்வாய், வியாழன் ராத்திரி ஏழரையிலிருந்து எட்டு வரை பிள்ளைங்க உன் பொறுப்பு” என்று சொல்லிவிடுவது மேல். அந்த அரை மணி நேரத்தில் டயாப்பர் எங்கே என்று கேட்டு யாரும் கதவைத் தட்டக் கூடாது. ‘ஹெல்ப் பண்றேன்’ என்ற சொல்லிலேயே வேலை யாருடையது என்ற முடிவு ஒளிந்திருக்கிறது.

பிரசவம் முடிந்து எப்போது தொடங்கலாம்?

சுகப்பிரசவம், சிக்கல் எதுவும் இல்லை என்றால் சில நாட்களிலேயே மெதுவான நடையைத் தொடங்கலாம். சிசேரியன் என்றால் மருத்துவரின் அனுமதி முக்கியம். முதல் ஆறு வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்காதீர்கள் என்பதுதான் வழக்கமான அறிவுரை. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21) நாட்டில் 21.5 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தமிழ்நாட்டில் 44.9. அதாவது ஊருக்குப் போய்ப் பெற்றுக்கொண்டு வருபவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானோர் வயிற்றில் தையலோடு டெல்லி திரும்புகிறார்கள்.

ஓட்டம் மட்டும் தனி விஷயம். பிரிட்டன் பிசியோதெரபிஸ்டுகள் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்று மாதத்துக்கு முன்னால் ஓட வேண்டாம் என்கிறது. அதற்குப் பிறகும் சில சோதனைகள்: 30 நிமிடம் வலியில்லாமல் நடக்க முடிகிறதா, ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்க முடிகிறதா, நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் மெதுவாக ஓட முடிகிறதா. இதில் எதிலாவது சிறுநீர் கசிந்தாலோ, கீழே கனமாக இழுப்பது போலிருந்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரையோ, பெண்கள் நல பிசியோதெரபிஸ்டையோ பார்க்க வேண்டும்.

இந்தக் கசிவைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. “குழந்தை பெத்தா அப்படித்தான்” என்று முடித்துவிடுவார்கள். அப்படி இல்லை. கர்ப்பப்பை, சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் தளர்ந்திருப்பதே பெரும்பாலும் காரணம், அதற்குப் பயிற்சி உண்டு. அமெரிக்க மகளிர் நோயியல் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-லேயே எழுதிவைத்தது. சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையைச் சுருக்கி, சில விநாடி பிடித்து, விட வேண்டும். மெட்ரோவில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. நடு வயிற்றில் தசைகளுக்கு இடையே பள்ளம் தெரிகிறது என்றால், கிரஞ்சஸ் செய்வதற்கு முன் பிசியோவிடம் காட்டிவிடுங்கள்.

பால் குறையுமா என்ற பயமும் உண்டு. மிதமான உடற்பயிற்சியால் பாலின் அளவோ சத்தோ குறைவதில்லை. குறைத்துச் சாப்பிடுவதில்தான் ஆபத்து. ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைப்படி பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளுக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை, அடுத்த ஆறு மாதம் 520. இந்தக் காலத்தில் ‘க்ராஷ் டயட்’ வேண்டவே வேண்டாம்.

எடைதான் இலக்கா?

2018-ல் போலந்தில் ஒரு போட்டிக்கு முன் மேரி கோம் நான்கு மணி நேரத்தில் 2 கிலோ குறைத்தார், ஸ்கிப்பிங் செய்தே. பத்திரிகைகள் வியந்தன. அவ்வளவு குறுகிய நேரத்தில் போவது முக்கியமாக நீர், கொழுப்பு அல்ல. எடை மெஷின் எவ்வளவு சுலபமாக ஏமாற்றும் என்பதற்கு அதுவே போதும்.

எடை பொருட்டில்லை என்று சொல்லவில்லை. அதே குடும்ப நல ஆய்வில் டெல்லிப் பெண்களில் 41.3 சதவீதமும் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் தேவை. ஆனால் அதே டெல்லியில் சரிபாதிப் பெண்களுக்கு ரத்தசோகையும் இருக்கிறது. படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, எப்போதும் சோர்வு என்றால் சோம்பேறித்தனம் என்று உங்களையே திட்டிக்கொள்வதற்கு முன் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் என்றால் முதல் சிகிச்சை ஜிம் அல்ல.

முதல் வருடத்துக்கு என் யோசனை: கிலோவை மறந்து, பலத்தை அளந்து பாருங்கள். ஒரு வயதுக் குழந்தை சுமார் 9 கிலோ. அதைத் தரையிலிருந்து ஒரு நாளில் எத்தனை முறை தூக்குகிறீர்கள்? முதுகை வளைத்துத் தூக்கினால் இடுப்பு வலி, முட்டியை மடித்துத் தூக்கினால் அது ஸ்குவாட். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் புஷ்-அப், 5 கிலோ ஆட்டா பாக்கெட்டை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஹாலில் நடப்பது. வாரம் இரண்டு நாள், 20 நிமிடம். போன மாதம் எட்டு முறை முடிந்தது இந்த மாதம் பன்னிரண்டு என்றால் அதுதான் முன்னேற்றம்.

டெல்லிக்கு என்று ஒரு காலண்டர்

சென்னையில் போட்ட திட்டம் இங்கே ஓடாது. ஜூனில் ஐந்தரைக்கு முன்பே விடியும், எட்டு மணிக்குள் வெயில் கொளுத்தும். ஜனவரி தொடக்கத்தில் சூரியன் உதிக்கவே ஏழேகால் ஆகும். பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்புவதற்கு முன் ஓடலாம் என்றால் இருட்டு, மூடுபனி, ஆள் நடமாட்டம் இல்லாத பார்க். பாதுகாப்பும் ஒரு கேள்வி.

அதைவிடப் பெரிய சிக்கல் காற்று. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறோம். வேகமாக ஓடும்போது அது பல மடங்கு. காற்றுத் தரக் குறியீடு 200-ஐத் தாண்டினாலே ‘மோசம்’, 300-க்கு மேல் ‘மிக மோசம்’, 400-க்கு மேல் ‘கடுமை’. 2024 நவம்பர் 18 அன்று டெல்லியின் சராசரி 490-ஐத் தாண்டியது. அன்று லோதி தோட்டத்தில் ஓடாமல் இருப்பதுதான் உடற்பயிற்சி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் உங்கள் பகுதி நிலையத்தின் எண்ணைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்ல பழக்கம். குளிர்காலத்தில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மாசை மேலே போக விடாது. வெயில் ஏறிய மதியத்தில் நிலைமை ஓரளவு தேவலாம். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் சாப்பாட்டு இடைவேளை நடை, அதிகாலை ஓட்டத்தைவிட நல்லது.

இதே நாட்களில்தான் பள்ளிகளும் மூடுகின்றன. 2023-ல் டிசம்பர் விடுமுறையை முன்னுக்கு இழுத்து நவம்பர் 9 முதல் 18 வரை கொடுத்தார்கள். பார்க்கும் போச்சு, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் அந்த நான்கு மணி நேரமும் போச்சு. ஜன்னலை மூடிய இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்தால் கீழ் வீட்டுக்காரர் மேலே வருவார்.

அதனால் வருடத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். பிப்ரவரியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை வெளியே: நேரு பார்க், ஜஹான்பனா காடு, காலனி பூங்காவின் ஓபன் ஜிம். நவம்பர் முதல் ஜனவரி வரை வீட்டுக்குள், பலம் கூட்டும் பயிற்சி மட்டும். டெல்லி அரை மாரத்தானே 2017-ல் நவம்பர் 19 அன்று, இந்திய மருத்துவச் சங்கம் தள்ளி வைக்கச் சொல்லியும் புகைக்கு நடுவே ஓடப்பட்டது. இப்போது அது அக்டோபருக்கு வந்துவிட்டது. அதில் ஓட ஆசை என்றால் பயிற்சி ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் நடக்கும். அப்போது பள்ளி திறந்திருக்கும், விடியலும் சீக்கிரம். ஞாயிறு காலை நீண்ட ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் பிள்ளைகளோடு யார் என்பதை மட்டும் ஜூனிலேயே பேசி முடித்துவிடுங்கள்.