தாராவித் தோல் ஏற்றுமதியாளர் கணக்கு

தாராவியில் தைக்கும் தோல் பைகளும் பெல்ட்டுகளும் வெளிநாடு போகின்றன. அனுப்பும் தொழிலகங்கள் எத்தனை என்பதைச் சுங்கப் பதிவேடு குறைத்தே காட்டும். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் தரும் 10 எழுத்தெண் கொண்ட ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீடு யாருடையதோ, அவரே ஏற்றுமதியாளர். பிறருக்குக் கூலிக்குத் தைத்துத் தரும் சிறு பட்டறையின் பெயர் நவசேவா துறைமுகத்துக்கான ஷிப்பிங் பில்லில் (சுங்கத்துக்குத் தரும் ஏற்றுமதிப் படிவத்தில்) ஏறாது. குறியீட்டை எண்ணினாலும் போதாது: பெற்றவர் எல்லோரும் சரக்கு அனுப்புவதில்லை.

ஷிப்பிங் பில்லில் சரக்கு உருவான மாவட்டத்தைக் குறிப்பிடுவது 2020 பிப்ரவரி முதல் கட்டாயம்தானே என்று கேட்கலாம். நல்ல முன்னேற்றம்தான், ஆனால் அது சரக்கின் மதிப்பை மாவட்டத்தோடு சேர்க்கிறதே தவிர, தைத்த பட்டறையைச் சொல்வதில்லை. ஜிஎஸ்டியின் ஐடிசி-04 படிவம் கூலி வேலைக்கு அனுப்பிய பொருளைப் பதிகிறது. ஷிப்பிங் பில்லோடு அதையும் சேர்த்துப் படிப்பதே நேர்மையான கணக்குக்கு அருகில் வரும்; பதிவு பெறாத பட்டறைகளை மட்டும் தெருத்தெருவாகப் போய்த்தான் எண்ண வேண்டும்.