கரைந்து போகும் ஆணி: மெக்னீசியத்தின் கதை

எங்க ஊர் கூக்கால்ல பெரியப்பா பூண்டு வயல்ல வழுக்கி விழுந்து காலை முறிச்சுக்கிட்டார். ஸ்டீல் பிளேட் வெச்சாங்க. எலும்பு கூடினதும் அதை எடுக்க மறுபடி பூம்பாறை, கொடைக்கானல், வத்தலக்குண்டுன்னு மலை இறங்கி, திண்டுக்கல்ல இன்னொரு ஆபரேஷன். "வேலை முடிஞ்சதும் அதுவா கரைஞ்சு போற மாதிரி செய்ய மாட்டாங்களாடா?" என்று கேட்டார். தேடிப் பார்த்தால், நூறு வருஷத்துக்கு முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள்! (காமர்ஸ் படிக்கிறவனுக்கு இது எதுக்குன்னு கேக்காதீங்க.)

ஹம்ப்ரி டேவி மெக்னீசியத்தைப் பிரித்தது 1808-ல். 1878-ல் எட்வர்ட் ஹியூஸ் என்ற மருத்துவர் ரத்தம் வழியும் குழாய்களை மெக்னீசியக் கம்பியால் கட்டினார். நம் உடம்பிலேயே சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருப்பதால் கரைந்தாலும் விஷமில்லை.

சிக்கல் வந்தது எலும்பில். 1906-07 வாக்கில் பெல்ஜியத்தின் ஆல்பின் லம்போட் முறிந்த கால் எலும்பில் மெக்னீசியத் தகடு வைத்தார். ஆனால் அதை இறுக்கியது எஃகால்! இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் உப்பு நீர் போன்ற உடல் திரவம். பள்ளிக்கூடத்தில் செய்த பேட்டரிதான் அது. எட்டு நாளில் தகடு சிதைந்து, தோலுக்கு அடியில் வாயு சேர்ந்து வீங்கிவிட்டது. ஒரு கிராம் மெக்னீசியம் கரைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஹைட்ரஜன் வரும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

லம்போட் தப்பு எங்கே என்று கண்டுபிடித்தார். பிறகு அவரும் உதவியாளர் வெர்புருகேயும் எஃகு கலக்காமல், மெக்னீசியத்தை மட்டும் வைத்து குழந்தைகளின் முழங்கை முறிவுகளைச் சரிசெய்தார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் இவர்தான். ஆனாலும் வாயுத் தொல்லை முழுசாகப் போகவில்லை. அதற்குள் துருப்பிடிக்காத எஃகு வந்து மெக்னீசியத்தை ஓரங்கட்டியது.

அறுபது எழுபது வருஷம் கழித்துத்தான் மறுபடி கிளறினார்கள். இரும்பு, நிக்கல், செம்பு துளி கலந்தாலும் அரிப்பு வேகமாகும் என்பது தெரிந்திருந்ததால், கலப்பைச் சுத்தமாக்கி, இட்ரியம் போன்றவற்றைச் சேர்த்து வேகத்தைக் குறைத்தார்கள். 2013-ல் ஜெர்மனியின் மெக்னிசிக்ஸ் திருகாணிக்கு ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. 2015-ல் கொரியாவும் ஒன்றை அனுமதித்தது.

நம்ம பக்கம்? ஐஐடி மெட்ராஸில் சம்பத் குமார், ரத்ன சுனில் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஏஇசட்31 என்ற மெக்னீசியக் கலவைத் தகட்டில், எலும்பில் உள்ள கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டின் நுண்தூளை வைத்து, சுழலும் கருவியால் உருக்காமலேயே கிண்டிச் சேர்த்தார்கள். உலோகத்தின் மணிகள் பொடிசாகி, அரிப்பு குறைந்தது. சேலத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில் மெக்னசைட் கொட்டிக் கிடக்கிறது, 1979-லேயே டான்மேக் என்ற அரசு நிறுவனமும் வந்துவிட்டது. ஆனால் அந்தத் தாது போவது உலைச் செங்கலுக்கு.

பெரியப்பாவிடம் சொன்னேன். இப்போதைக்கு இந்தத் திருகாணிகள் பெரும்பாலும் கால்விரல் மாதிரி சின்ன எலும்புகளுக்குத்தான், உடம்பைத் தாங்குகிற கால் எலும்புக்கு இன்னும் ஸ்டீலோ டைட்டானியமோதான் என்று. "அப்ப அடுத்த தடவை விரலை ஒடிச்சுக்கறேன்" என்றார். எடுத்த பிளேட் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. துரு ஒரு பொட்டு இல்லை.