எலுமிச்சைச் சட்டம் பிறந்த கதை

நம்மூரில் புது கார் வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். அமெரிக்காவில் எலுமிச்சைக்கு அர்த்தமே வேறு! வாங்கிய நாள் முதல் ஒர்க்‌ஷாப்பே கதி என்று கிடக்கும் வண்டியை அங்கே 'லெமன்' என்பார்கள். அப்படி ஒரு புது வண்டியை வாடிக்கையாளர் தலையில் கட்டினால், கம்பெனி பணத்தைத் திருப்பித் தர வேண்டும் அல்லது வேறு வண்டி தர வேண்டும் என்று சொல்வதுதான் 'லெமன் லா'. ஆனால் இது லேசில் வந்துவிடவில்லை.

முதல் தடை, ஒப்பந்தம். கார் வாங்குகிறவர் பணம் கொடுப்பது டீலரிடம். தயாரித்த கம்பெனியோடு அவருக்கு ஒப்பந்தம் எதுவும் கிடையாது. ஒப்பந்தம் இல்லாதவர் வழக்குப் போட முடியாது என்று 1842-ல் இங்கிலாந்தில் ஒரு தீர்ப்பு வந்திருந்தது. அமெரிக்கக் கம்பெனிகளுக்கும் அதுவே கேடயமாக இருந்தது.

அந்தக் கேடயத்தை உடைத்தது 1916-ல் நியூயார்க்கில் வந்த மெக்ஃபெர்சன் வழக்குத் தீர்ப்பு. ஒரு ப்யூக் காரின் மரச் சக்கரம் நொறுங்கி, ஓட்டியவர் காயமடைந்தார். "சக்கரம் வேறொருவர் செய்தது, காரை விற்றதும் டீலருக்குத்தான்" என்றது கம்பெனி. நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ அதை ஏற்கவில்லை. கவனக்குறைவாகச் செய்தால் உயிருக்கு ஆபத்தாகும் பொருளுக்கு, அதைத் தயாரித்தவரே பொறுப்பு என்றார். சரி, யாருக்கும் அடிபடாமல் வண்டி சும்மா மக்கர் பண்ணினால்? அதற்கு இந்தத் தீர்ப்பில் வழியில்லை.

அடுத்த தடை, பொடி எழுத்து. 1955-ல் நியூஜெர்சியில் ஒருவர் மனைவிக்கு அன்னையர் தினப் பரிசாகப் புது ப்ளிமத் கார் வாங்கினார். பத்தே நாளில் ஸ்டீயரிங் கோளாறாகி, மனைவி ஓட்டிய வண்டி சுவரில் மோதியது. வாரண்டியில் இருந்தது என்ன தெரியுமா? 90 நாள் அல்லது 4,000 மைலுக்குள் பழுதான பாகத்தை மட்டும் மாற்றித் தருவோம், வேறெதற்கும் பொறுப்பில்லை. பெரிய கம்பெனிகள் எல்லாமே இதே வாசகத்தைத்தான் வைத்திருந்தன. வேறு கடைக்குப் போனாலும் இதே கதி! பேரம் பேசவே வழியில்லாத இந்த நிபந்தனை செல்லாது என்று ஹென்னிங்சன் வழக்கில் 1960-ல் தீர்ப்பானது.

1970-ல் ஜார்ஜ் ஆகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்கிறவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் நல்ல வண்டிக்கும் யாரும் நல்ல விலை தர மாட்டார்கள். நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தையை விட்டே விலகிவிடுவார். இந்தச் சிந்தனைக்கு 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது.

1975-ல் மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம் வந்தது. 'முழு வாரண்டி' என்று எழுதிக் கொடுத்தால், நியாயமான தடவை முயன்றும் சரியாகாத பொருளுக்குப் பணம் அல்லது மாற்றுப் பொருள் தர வேண்டும். ஆனால் கார் கம்பெனிகள் பொதுவாகக் கொடுத்ததோ 'வரையறுக்கப்பட்ட வாரண்டி'! போதாததற்கு, நியாயமான தடவை என்றால் எத்தனை தடவை?

அதற்கு எண்ணில் பதில் சொன்னது கனெக்டிகட் மாநிலம். ஜான் உட்காக் என்ற சட்டமன்ற உறுப்பினர் முன்னின்று கொண்டுவந்த சட்டம் 1982-ல் நிறைவேறியது. ஒரே கோளாறுக்கு 4 முறை பழுது பார்த்தும் தீரவில்லையா? அல்லது வண்டி மொத்தம் 30 நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததா? அதற்கு மேல் கம்பெனி அவகாசம் கேட்க முடியாது. ஓட்டிய தூரத்துக்கு ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். பிறகு 50 மாநிலங்களிலும் இப்படிச் சட்டங்கள் வந்தன.

திரும்ப வாங்கிய வண்டி எங்கே போகும்? பழைய கார் சந்தைக்குத்தான்! விஷயம் தெரியாத இன்னொருவர் அதை வாங்கி ஏமாந்தார். அதனால் கலிஃபோர்னியா 1995-ல், அத்தகைய வண்டியின் பதிவுச் சான்றில் 'லெமன் லா பைபேக்' என்று குறிக்க வேண்டும், கதவுச் சட்டத்திலும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது.

கார் ஏன் கெட்டது என்று நிரூபிக்க எஞ்சினியர் வேண்டும். எத்தனை முறை ஒர்க்‌ஷாப்புக்குப் போனது என்று காட்ட சர்வீஸ் பில்கள் போதும். சாதாரண மனிதர் பெரிய கம்பெனியோடு மோத முடிந்தது அந்தக் காகிதங்களால்தான்.