பேர்லினில் மிஞ்சிய 700 மரங்கள்

1985 மாசி மாதம். கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஒரு ட்ரான்சிற் விசாவோடும் ஒரு தோள்பையோடும் பிரீட்றிக்ஸ்ட்றாஸ நிலையத்தில் மேற்குக்குப் போகும் நகர ரயிலில் ஏறினோம். நாங்கள் ஐந்து பேர். அந்த வருடங்களில் ஜேர்மனிக்கு வந்த எங்கட சனத்தில் பலருக்கு இந்தப் பாதை நினைவிருக்கும். கிழக்கு ஜேர்மனி போகவிட்டுவிடும். மேற்கு அதை நாட்டு எல்லையாகவே ஏற்காததால் அந்தப் பக்கம் கடவுச்சீட்டு பார்க்க ஆளில்லை. ரயில் மதிலைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் இடப்பக்கம் கட்டிடங்கள் குறைந்து, இலையே இல்லாத மரங்களாக வரத் தொடங்கின.

"என்னடா இது, காட்டுக்குள்ள கொண்டு போறாங்கள்?" என்றான் பக்கத்தில் இருந்தவன். எனக்கும் அதே பயம்தான்.

அது ரியர்கார்ட்டன் என்று பிறகு தெரிந்தது. நேரடியாகச் சொன்னால் விலங்குத் தோட்டம். நகரத்தின் நட்டநடுவே கிட்டத்தட்ட 210 ஹெக்டேயர் பூங்கா. வடக்கே ஸ்பிறே ஆறு, தெற்கே லாண்ட்வேர் கால்வாய், கிழக்கே பிராண்டன்பேர்க் வாசல். நடுவில் கிழக்கு மேற்காக ஒரு அகன்ற நேர்வீதி ஓடுகிறது. பனியுகத்துப் பனிப்பாளங்கள் உருகி ஓடிய பள்ளத்தில்தான் பேர்லினின் நடுப்பகுதி இருக்கிறது. மண் மணல். கொஞ்சம் தோண்டினால் தண்ணீர். ஒரு மண்வெட்டி ஆழத்தில் ஈரம் தெரியும் நிலத்தைப் பார்க்க, 20 முழம் கிணற்றில் துலா மிதித்த ஊர்க்காரனுக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

16ஆம் நூற்றாண்டில் இது பிராண்டன்பேர்க் அரசர்களின் வேட்டைக்காடு. மானும் பன்றியும் ஓடிவிடாமல் வேலி போட்டு வைத்திருந்தார்கள். வேட்டையில் விருப்பமில்லாத இரண்டாம் பிரீட்றிக் 1742இல் அந்த வேலியைப் பிடுங்கச் சொல்லிச் சனத்துக்குத் திறந்துவிட்டார். அதன்பின் 1740களில் அங்கே கூடாரம் அடித்துக் குடிக்கவும் தின்னவும் விற்க அனுமதி பெற்றவர்கள் ஹூகனோக்கள். பிரான்சில் மதத்துக்காகத் துரத்தப்பட்டு, 1685இல் வெளியான பொட்ஸ்டாம் அரசாணையின் பேரில் இங்கே அடைக்கலம் பெற்ற சமூகத்தவர்கள். அதாவது, எங்களைப் போல வந்த ஆட்கள். அகதி முதலில் திறப்பது சாப்பாட்டுக் கடைதான் போலும்! அந்த இடத்துக்குக் 'கூடாரங்களில்' என்றே பெயர் வந்துவிட்டது. 1848 புரட்சியின்போது பேர்லின் மக்கள் கூடிக் கோரிக்கை எழுதியதும் அங்கேதான்.

இன்று நாம் நடக்கிற வளைந்த பாதைகளும் சிறு நீரோடைகளும் பீற்றர் யோசப் லென்னே என்ற தோட்டக்கலைஞர் 1830களில் போட்ட திட்டம். ஓடைகள் வெறும் அழகுக்காக அல்ல. அந்தச் சதுப்பு நிலத்தை வடியவைக்க வேறு வழியில்லை.

பிறகு வந்தவை எல்லாம் இவ்வளவு இனிமையானவை அல்ல. 1919 தையில் கார்ல் லீப்க்னெக்ற்றை இந்த மரங்களுக்கிடையில்தான் சுட்டார்கள். றோசா லக்சம்பேர்க்கின் உடலைக் கால்வாயில் எறிந்தார்கள். தெற்கு ஓரத்தில், ரியர்கார்ட்டன் வீதி 4ஆம் இலக்கத்தில் இருந்த அலுவலகத்திலிருந்துதான் நோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் கொல்லும் நாசித் திட்டம் நடத்தப்பட்டது. 1941 ஆவணி வரைக்குமே 70,000க்கு மேற்பட்டோர் பலி. அங்கே நினைவிடம் திறக்க 2014 ஆகிவிட்டது.

நான் சொல்ல வந்தது 1945க்குப் பிந்திய கதை. போரின் கடைசி நாட்களில் அந்த நேர்வீதியையே விமான ஓடுபாதையாகப் பாவித்தார்கள். குண்டும் ஷெல்லும் தின்றது போக எஞ்சிய மரங்களைக் குளிர் தின்றது. நிலக்கரி இல்லை. சனம் கோடரியும் வாளும் கொண்டு வந்து தறித்துக்கொண்டு போனது. முன்பு இரண்டு லட்சம் மரங்கள் நின்ற பூங்காவில் மிஞ்சியவை ஏறக்குறைய 700. வெறும் வெளி. பிரித்தானியப் படை நிர்வாகம் அந்த வெளியைத் துண்டு போட்டுச் சனத்துக்குக் கொடுத்தது. 2500க்கு மேற்பட்ட துண்டுகள். உடைந்த சிலைகளின் காலடியில் உருளைக்கிழங்கும் கோவாவும் வளர்ந்தன.

இடிபாட்டுக் கல்லைக் கொட்டி இந்த இடத்தை நிரப்பிவிடலாம் என்றும் யோசனை இருந்தது. நடக்கவில்லை. 1949 பங்குனி 17ஆம் திகதி மேற்கு பேர்லின் மேயர் ஏர்ன்ஸ்ற் றொய்ற்றர் அங்கே ஒரு லிண்டன் கன்றை நட்டார். திகதியைக் கவனியுங்கள். சோவியத் முற்றுகை முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மாவும் கரியும் விமானத்தில் வந்துகொண்டிருந்த நேரத்தில் மனிதர் மரம் நடுகிறார்! இந்த றொய்ற்றரும் நாசிகளின் வதைமுகாமில் இருந்துவிட்டு 1935இல் துருக்கிக்குத் தப்பிப்போய், அங்காராவில் படிப்பித்துப் பிழைத்து, 1946இல்தான் ஊர் திரும்பியவர். அகதியாக இருந்தவர். அடுத்த பத்து வருடத்தில் ஜேர்மனியின் மற்ற நகரங்கள் அனுப்பிய இரண்டரை லட்சம் கன்றுகள் இங்கே நடப்பட்டன. முற்றுகை நாட்களில் கன்றுகள் சிலவும் விமானத்திலேயே வந்தன.

ஆக, ரயிலில் இருந்து நாங்கள் பார்த்துப் பயந்த அந்தக் 'காட்டில்' பெரும்பாலான மரங்கள் என்னைவிடச் சில வருடங்களே மூத்தவை. இது தெரிந்தபோது எனக்கு வந்தது ஆச்சரியமில்லை, கோபம். எங்கள் வளவின் பனைகள் காவலரண் கட்டத் தறிக்கப்பட்ட செய்தி அப்போதுதான் ஊரிலிருந்து வந்திருந்தது. அப்பு நட்டவை. தறித்தவர் யார் என்பதை எழுதி இங்கே ஒரு சண்டையைத் தொடக்க விருப்பமில்லை. சண்டையில் நின்ற எல்லோருக்குமே பனங்குற்றி தேவைப்பட்டது. லிண்டன் பத்து வருடத்தில் நிழல் தரும். பனையை நட்டவன் நுங்கு குடிக்கப் பதினைந்து இருபது வருடம் காத்திருக்கவேண்டும். எங்களுக்குக் கன்று அனுப்ப எந்த நகரம் இருக்கிறது என்று அன்று கேட்டுக்கொண்டேன். அந்தக் கேள்வியில் அநியாயமும் உண்டு. வடலியை வெட்டாமல் விட்டாலே போதும், அது தானாக வளரும் என்பது ஊர்க்காரனான எனக்குத் தெரியாததல்ல.

அதன்பிறகும் இந்தப் பூங்காவைச் சனம் சும்மா விடவில்லை. 1990களில் பொட்ஸ்டாமர் பிளாட்ஸில் ஆழ அத்திவாரம் தோண்டியபோது நிலத்தடி நீர் இறங்கி மரங்கள் காய்ந்துவிடும் என்ற பயத்தில், தண்ணீரை இறைக்காமலே சுழியோடிகளை இறக்கிக் கொங்கிறீற் போட்டார்கள். அதே காலத்தில் லவ் பரேட் என்று லட்சக்கணக்கானோர் ஆடிவிட்டு மூத்திரத்தால் செடிகளை எரித்துவிட்டுப் போனார்கள். துருக்கிக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இறைச்சி வாட்டிய புகைக்கு மட்டும் 2012 முதல் தடை. குப்பை சேர்ந்தது உண்மைதான். ஆனாலும் அந்தப் புகைக்காகவே நாங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவோம். இப்போது ஞாயிறுகளில் அங்கே ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

எங்கள் மாடிக்குக் கீழ்வீட்டில் ஒரு கிழவி இருந்தார். இறந்து பல வருடமாகிவிட்டது. 1946இல் அவருக்குப் பதினொரு வயது. தாயோடு ரியர்கார்ட்டனில் ஒரு துண்டில் கிழங்கு போட்டதாகச் சொல்வார். 1998 வைகாசியில் அவரைக் கைபிடித்து அங்கே கூட்டிக்கொண்டு போனேன். வெற்றித்தூணை அடையாளம் வைத்து அந்த இடத்தைத் தேடினார். முதலில் இடப்பக்கம் என்றார். பிறகு இல்லை, ஓடைக்கு அந்தப்பக்கம் என்றார். மரங்கள் மறைத்ததில் தூணே சரியாகத் தெரியவில்லை. அரை மணித்தியாலம் சுற்றிக் களைத்து ஒரு வாங்கில் இருந்தோம்.

"முன்பு இங்கிருந்து பார்த்தால் எல்லாமே தெரியும்" என்றார். பிறகு, தாய் தறித்துக் கொண்டுவந்த மரம் ஈரமாக இருந்ததால் அடுப்பில் எரியாமல் வீடு முழுக்கப் புகைத்ததைச் சொல்லிச் சிரித்தார்.