பனிமான் பொம்மையும் ஒரு கூலிக் கணக்கும்

இரண்டு மூன்று வருடங்களாக டிசம்பர் பிறந்தால் நம் குடியிருப்பில் பலர் குரோஷா ஊசியும் உல்லன் நூலுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். கிறிஸ்துமஸ் மரத்தடியில் வைக்க, பேரக்குழந்தைகளுக்குக் கொடுக்க, கிளப் ஹவுஸ் ஸ்டாலில் விற்க என்று பனிமான் பொம்மைகள் தயாராகின்றன. பழுப்பு உடம்பு, சிவப்பு மூக்கு, கழுத்தில் பச்சை மஃப்ளர். உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பொம்மைக்குப் பின்னால் இருநூறு வருட வரலாறு இருக்கிறது. பி.காம். படித்துவிட்டு வங்கி கவுன்டரில் காலம் கழித்த எனக்கு எந்த வரலாறும் பற்று வரவாகத்தான் கண்ணில் படும். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

மானும் கொக்கியும்

முதலில் மான். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ட்ராய் என்று ஓர் ஊர். அந்த ஊர்ச் செய்தித்தாளில் 1823 டிசம்பர் 23 அன்று, எழுதியவர் பெயர் இல்லாமல், ஒரு கிறிஸ்துமஸ் கவிதை வெளியானது. செயின்ட் நிக்கோலஸின் சறுக்கு வண்டியை எட்டுப் பனிமான்கள் இழுத்து வருவதாக அதில் இருந்தது. பின்னாளில் கிளமெண்ட் மூர் என்ற பேராசிரியர் அந்தக் கவிதையைத் தம் தொகுப்பில் சேர்த்துக்கொண்டார். கிறிஸ்துமஸ் என்றதும் பனிமான் நினைவுக்கு வருவதற்கு அந்தக் கவிதை ஒரு பெரிய காரணம்.

அதே 1823இல் நெதர்லாந்தில் 'பெனலோப்பே' என்ற பெண்கள் பத்திரிகை குரோஷா பின்னும் முறையை வெளியிட்டது. குரோஷா என்ற பெயரோடு அச்சில் வந்த செய்முறைகளில் இன்று நமக்குத் தெரிந்த முதலாவது அதுதான். பின்னச் சொன்ன பொருள் என்ன தெரியுமா? பட்டு நூலில் பணப்பை. எங்கள் துறைக்காரர்களுக்கு ஒரு சின்ன சந்தோஷம். 'குரோஷே' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு கொக்கி என்று பொருள். நாம் அதைக் குரோஷா ஆக்கிக்கொண்டோம்.

அந்த எட்டு மான்களில் சிவப்பு மூக்கு எதற்கும் கிடையாது. அது 1939இல் வந்தது. சிகாகோவில் மான்ட்கோமரி வார்டு என்ற பெரிய கடை நிறுவனம், கிறிஸ்துமஸுக்கு வரும் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுக்க ஒரு கதைப் புத்தகம் வேண்டும் என்று தன் விளம்பர எழுத்தாளர் ராபர்ட் மேயிடம் சொன்னது. மனைவி புற்றுநோயில் படுத்திருந்த நேரம். அந்த வருடமே அவர் இறந்தும் போனார். சின்னப் பெண் குழந்தையைப் பார்த்துக்கொண்டே மே எழுதி முடித்த கதைதான் செம்மூக்கு மான் ருடால்ஃப். முதல் வருடமே சுமார் 24 லட்சம் பிரதிகள் வினியோகம் ஆயின. மே மாதச் சம்பளக்காரர் என்பதால் உரிமை நிறுவனத்துக்குத்தான் போனது. 1947இல் நிறுவனம் அந்த உரிமையை அவருக்கே எழுதிக் கொடுத்தது. 1949இல் பாட்டு வந்து உலகம் சுற்றியது. செய்தவர் கைக்கு வரவு வந்து சேரத் தாமதமாகும் என்பதை இந்த மூக்கிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

பஞ்சு அடைத்த விலங்கு

துணியில் பஞ்சடைத்த விலங்குப் பொம்மையின் வரலாற்றில் முக்கியமான பெயர் ஜெர்மனியின் கீங்கன் ஊரைச் சேர்ந்த மார்கரெட் ஸ்டைஃப். சிறு வயதிலேயே போலியோவால் கால்கள் செயலிழந்தவர். தையல் வேலையால் பிழைத்த அவர் 1880இல் ஃபெல்ட் துணியில் ஒரு குட்டி யானை செய்தார். குண்டூசி குத்தி வைக்கும் மெத்தையாகத்தான் செய்தார். குழந்தைகள் அதைப் பொம்மையாக எடுத்துக்கொண்டார்கள். அந்த யானையிலிருந்து வளர்ந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது. 1902இல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், மரத்தில் கட்டி வைத்திருந்த கரடியைச் சுட மறுத்த செய்தி கார்ட்டூனாக வந்தது. அதைப் பார்த்து புரூக்ளினில் கடை வைத்திருந்த மிக்டம் தம்பதியர் ஒரு கரடிப் பொம்மை செய்து ஜன்னலில் வைத்தார்கள். டெடி பேர் பிறந்தது.

இவையெல்லாம் வெட்டித் தைத்த பொம்மைகள். குரோஷா ஊசியால் உருண்டையாகச் சுற்றிப் பின்னி, உள்ளே பஞ்சடைத்து முடிக்கும் பாணியை உலகம் முழுக்கப் பரப்பியவர்கள் ஜப்பானியர்கள். அமிகுருமி என்று பெயர். பின்னல், அடைத்த பொம்மை என்ற இரண்டு ஜப்பானியச் சொற்கள் சேர்ந்தது. நம் பெண்கள் யூடியூப் பார்த்துப் பின்னுவது இந்த முறையில்தான்.

பஞ்ச காலத்துக் கொக்கி

பொம்மையை விட்டுவிட்டு இப்போது கொக்கிக்கு மட்டும் வருவோம். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழைகளுக்கு அதுதான் மூன்று வேளைச் சாப்பாடு. அடுத்த சில வருடங்களில் சுமார் 10 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் இறந்தார்கள். அதே அளவு மக்கள் நாட்டை விட்டுக் கப்பல் ஏறினார்கள். அந்த நாட்களில் கார்க் பகுதியில் கன்னியாஸ்திரிகளும், குளோன்ஸ் ஊரில் 1847 முதல் போதகரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்டும் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா லேஸ் சொல்லிக் கொடுத்தார்கள். முதலீடு ஒரு கொக்கி, கொஞ்சம் நூல். ஒருவர் ரோஜா பின்னுவார், ஒருவர் இலை பின்னுவார், இன்னொருவர் எல்லாவற்றையும் வலை போலச் சேர்ப்பார். பணக்காரர்கள் வாங்கும் இத்தாலிய லேஸின் சாயலில், அதைவிடக் குறைந்த நேரத்தில், விற்கும் சரக்கு கிடைத்தது. பல குடும்பங்களின் வாடகையும் கப்பல் கட்டணமும் அந்த நூலிலிருந்து வந்தவை.

அதே கொக்கியை விக்டோரியா மகாராணியும் பிடித்தார். தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடந்தபோது, கடைசிக் காலத்தில் தம் கையால் பின்னிய 8 ஸ்கார்ஃப்களைச் சிறந்த போர்வீரர்களுக்கு அனுப்பினார். அவை பதக்கத்துக்கு நிகரான கௌரவமாகப் பாதுகாக்கப்பட்டன. ராணி பின்னினால் கௌரவம், ஏழை பின்னினால் மலிவு லேஸ். கண்ணி என்னவோ ஒன்றுதான்.

நம் பக்கத்து நூல்

நம் தமிழ் மண்ணிலும் நூலும் கூலியும் சேர்ந்த கதை உண்டு. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி குடும்பத்தின் மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்கு லேஸ் கற்றுக் கொடுத்தார். அது குரோஷா அல்ல, தலையணை மேல் குச்சிகளில் நூல் சுற்றிச் செய்யும் வகை. திருவிதாங்கூரில் அடிமை முறை நடைமுறையில் இருந்த காலம் அது. லேஸ் விற்ற பணத்தில் சில பெண்கள் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. கூலி என்று ஒன்று கையில் வந்தால் அது எங்கே வரை கொண்டுபோகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

குரோஷாவுக்கு நம் நாட்டில் பெயர் பெற்ற ஊர் ஆந்திராவில் கோதாவரிக் கரையில் உள்ள நரசாபூர். அங்கேயும் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள்தான் தொடங்கி வைத்தார்கள். வெளிநாடுகளுக்கு மேஜை விரிப்பும் லேஸும் கப்பல் கப்பலாகப் போயின. 1982இல் மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் இந்தப் பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் சாரம் இது: ஏற்றுமதி செய்த ஆண்கள் வியாபாரிகள் என்று கணக்கில் ஏறினார்கள். நாள் முழுக்கப் பின்னிய பெண்கள் 'வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்பவர்கள்' என்று எழுதப்பட்டார்கள். சும்மா இருக்கும் நேரத்து வேலைக்குக் கூலி எதற்கு? அதனால் கூலியும் மிகக் குறைவாகவே இருந்தது. 2024இல் நரசாபூர் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. விரல்களுக்கும் வர வேண்டும்.

இயந்திரம் தோற்ற இடம்

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயத்தைச் சொல்ல வேண்டும். காலுறை பின்னும் இயந்திரத்தை இங்கிலாந்தின் வில்லியம் லீ 1589இலேயே செய்துவிட்டார். வலை லேஸ் நெய்யும் இயந்திரத்துக்கு ஜான் ஹீத்கோட் 1809இல் காப்புரிமை வாங்கினார். குரோஷாவை மட்டும் இன்று வரை எந்த ஆலையும் கைக்குப் பதிலாகச் செய்யவில்லை. இரண்டு ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியில் வரிசையாக நிற்கும். இயந்திரம் அதைப் பல கொக்கிகளில் பிடித்துக்கொள்ளும். குரோஷாவில் ஊசியில் நிற்பது பெரும்பாலும் ஒரே கண்ணி. ஒவ்வொரு முறையும் ஏற்கனவே பின்னிய இடத்தில் துளை தேடி, நுழைத்து, நூலைச் சுற்றி இழுக்க வேண்டும். அந்தத் துளையை விரல்தான் தேடும். கடையில் குரோஷா போலவே தெரியும் பார்டர்கள் வேறு வகை இயந்திரப் பின்னல்.

இதற்கு என்ன அர்த்தம்? நீங்கள் ஆன்லைனில் 199 ரூபாய்க்குப் பார்க்கும் குரோஷா பொம்மை உண்மையிலேயே குரோஷா என்றால், எங்கோ ஒருவர் உட்கார்ந்து அதைக் கையால் பின்னியிருக்கிறார். அந்த 199இல் நூல் விலை, கடைக்காரர் கமிஷன், கூரியர் எல்லாம் போக அவருக்கு என்ன மிஞ்சும் என்று கழித்துப் பாருங்கள்.

நம் கணக்கு

காஸ்டிங் பாடத்தில் முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவது: அடக்க விலை என்றால் பொருள், உழைப்பு, இதரச் செலவு மூன்றும் சேர்ந்தது. நம் பனிமானுக்கு அதைப் போட்டுப் பார்த்தேன்.

தலை 6 கண்ணியில் தொடங்கும். சுற்றுக்கு 6 கூட்டி 36 வரை போனால் 126 கண்ணி. பிறகு 36 கண்ணியிலேயே 7 சுற்று, அது 252. மறுபடி குறைத்து மூடும்போது 90. ஆக, தலைக்கு மட்டும் 468 கண்ணி. உடம்பு, நான்கு கால், கொம்பு, காது, மூக்கு எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 1,600 வருகிறது. நிமிடத்துக்கு 8 கண்ணி என்றால் 200 நிமிடம். பஞ்சடைத்து, கால்களைச் சமமாகத் தைத்து, கண் வைத்து முடிக்க இன்னும் ஒன்றரை மணிக்கு மேல் ஆகும். மொத்தம் 5 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். நூல், பஞ்சு, கண் எல்லாம் 130 ரூபாய்.

போன வருடம் ஸ்டாலில் விலை 300 ரூபாய் என்று எழுதி வைத்திருந்தார்கள். பொருள் போக 170 ரூபாய், 5 மணி நேரத்துக்கு. அதாவது மணிக்கு 34 ரூபாய். அதையும், "ஒரு நூல் பொம்மைக்கு இவ்வளவா, 250க்குக் கொடுங்க அக்கா" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கொடுத்தார்கள். மணிக்கு 24 ரூபாய். ஒரு மணி நேர உழைப்புக்கு ஒன்றரை டீ. கேட்டவர்களைக் குறை சொல்லவில்லை. கொடுத்தவர்களே, "டிவி பார்த்துக்கிட்டே செஞ்சதுதானே" என்றார்கள். நரசாபூர்ப் பெண்களைப் பற்றி மற்றவர்கள் எழுதி வைத்ததை, நம் பெண்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு உறுத்தியது அதுதான்.

நம் வீடுகளில் ஒரு காலத்தில் பால் செம்பு மூடும் மணி வைத்த வலை, டிவி கவர், வாசல் தோரணம் என்று எத்தனை பின்னினார்கள் அம்மாவும் அத்தையும். ஒன்றுக்காவது யாராவது நேரம் எழுதி வைத்தோமா? அன்புக்காகச் செய்ததற்கு விலை போட வேண்டாம். பரிசாகக் கொடுப்பது பரிசுதான். ஆனால் ஸ்டாலில் வைத்துவிட்டால் அது விற்பனை. விற்பனைக்கு உழைப்பு ஒரு செலவு.

அதனால் சங்கத்துக்கு ஒரு சிறு யோசனை. இந்த வருட ஸ்டாலில் ஒவ்வொரு பொம்மையின் விலைச் சீட்டிலும் இரண்டு வரி சேர்ப்போம்: நூல் செலவு இவ்வளவு ரூபாய், பின்னிய நேரம் இவ்வளவு மணி. அதைப் படித்த பிறகு பேரம் பேச நினைப்பவர்கள் தாராளமாகப் பேசட்டும். பின்னுபவர்களும் ஊசி எடுக்கும்போதே மணி பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு எழுதத் தெரியாது என்பவர்கள் என்னிடம் வாருங்கள், மாலை நேரங்களில் வீட்டில்தான் இருப்பேன்.

எல்லோருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள்.