‘மற்றவை’ என்னும் அறை

கைப்பேசியில் குவியும் கோப்புகளைப் பிரித்து வைக்க முனைவோர் பலரும் இறுதியில் ‘மற்றவை’ என்றொரு உறையைத் திறந்து, மிஞ்சியதையெல்லாம் அதனுள் தள்ளிவிடுகின்றனர். இந்திய அரசும் தன் மக்களின் மொழிகளை எண்ணப் புகுந்தபோது இதையே செய்தது.

ஜார்ஜ் கிரியர்சனின் ‘இந்திய மொழியளவீடு’ 1903 முதல் 1928 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்தது. 179 மொழிகளும் 544 கிளைமொழிகளும் அதில் இடம்பெற்றன. (சென்னை மாகாணம் அளவீட்டின் எல்லைக்குள் வராதது தமிழாய்வாளர்க்கு இன்றும் ஒரு குறையே.) அத்தனை தகவலில் அவர் மூழ்கிவிடாமல் காத்தது எளிய ஓர் ஏற்பாடு. விவிலியத்தின் ஊதாரி மைந்தன் கதையை ஒவ்வொரு வட்டார வழக்கிலும் பெயர்த்து அனுப்பச் செய்தார். கதை ஒன்றே என்பதால் வழக்குகளின் ஒற்றுமையும் வேற்றுமையும் தாமே புலப்பட்டன.

1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 1652 தாய்மொழிப் பெயர்களைப் பட்டியலிட்டது. சாதிப் பெயரையும் ஊர்ப் பெயரையும் மொழியாகச் சொன்னவர்களும் உண்டு. ஆதலால் சலித்தெடுத்தல் தேவையே. 2011இல் வந்து குவிந்த பெயர்கள் 19,569. அவை 1369 தாய்மொழிகளாக ஒழுங்குபடுத்தப்பட்டன. வகைப்படுத்த இயலாத 1474 பெயர்கள் ‘மற்றவை’ ஆயின. ஐந்து கோடிப் பேர் தாய்மொழியெனச் சொன்ன போஜ்புரி இந்தியின் கீழ் அடங்கியது. அது தனியே பேசவேண்டிய அரசியல்.

என் கவலை 1971இல் வந்த வரம்பைப் பற்றியது. பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளுக்கு அகில இந்தியப் பட்டியலில் தனி வரி இல்லை என்றாயிற்று. இதைச் சலித்தெடுத்தல் என்று கொள்ள இயலாது. கணக்கெடுப்பாளர் வீடு வீடாகச் சென்று எழுதி வந்த விவரம், அச்சேறும் வேளையில் மறைக்கப்படுகிறது. ஒரு மொழியைப் பேசுவோர் ஒன்பதாயிரமா ஐந்நூறா என்ற வேறுபாடு படிப்பவர்க்குத் தெரிவதில்லை. அருகிவரும் மொழி எது என்று அறிய அந்த எண்ணே முதலில் வேண்டும்.

நீலகிரியின் தோடா மொழி இவ்வரம்புக்குக் கீழ்ப்பட்டது. 1930களில் அங்குச் சென்று ஆய்ந்த எமனோ, தோடர் பாடல்களைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்தார். அப்பெருந்தொகுப்பு ஆக்ஸ்ஃபோர்டில் நூலாக வெளிவந்த ஆண்டும் 1971 தான்.